பன்னிரண்டும் இருபத்தொன்றும்

வாப்பாவின் கடைக் கடன் கொப்பியை சீ மொழியில் செய்நிரலாக எழுதினேன். கணக்கு எண் சாவி. கடன் தொகை பெறுமானம். கணக்கு எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் வருவது பெட்டி எண்.

முதல் அலகுச் சோதனை: '12'க்கு 500 ரூபாய் இட்டேன். கேட்டபோது 500 வந்தது. மகிழ்ந்தேன்.

இரண்டாவதில் '21'க்கு 300 இட்டு, மீண்டும் '12'ஐக் கேட்டேன். 'அசர்ட்' செய்நிரலை நிறுத்திவிட்டது. வந்திருந்தது 300! 1+2, 2+1 இரண்டும் 3. ஒரே பெட்டி, பழைய தொகை அழிந்துவிட்டது.

தொகையுடன் சாவியையும் சேமித்தேன். ஒரே பெட்டிக்கு வருபவற்றைச் சங்கிலியாகக் கோத்து, சாவியை ஒப்பிட்ட பின்பே தொகையைத் தருமாறு திருத்தினேன். சோதனைகள் தேறின.

பதியாத '30'ஐயும் கேட்டேன். '0' அல்ல, 'இல்லை' என்றே வரவேண்டும். கடனைத் தீர்த்தவரும் கணக்கே இல்லாதவரும் ஒன்றல்லரே!

தோழியரே, பிழை வரக்கூடிய இடத்தையே முதலில் சோதியுங்கள். பிறர் கணக்கு நம்மிடமுள்ள அமானிதம்.