மண்சுவரும் சில கருவிகளும்

அறிவியல் மாணவன் எழுதும் கட்டுரை என்றால் அணுவைப் பற்றியோ விண்வெளியைப் பற்றியோ இருக்கும் என்று எண்ணியிருப்பீர்கள். நான் எழுதப்போவது மண்வெட்டியைப் பற்றி. எங்கள் வீடு மண்வீடு. என் தந்தையார் மண்சுவர் வைப்பவர். இதுவரை வகுப்பில் நான் இதைச் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

2023-ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் எங்கள் மேற்குச் சுவர் விழுந்தது. குற்றம் மண்ணுடையது அன்று. சுவரடியில் தேங்கி நின்ற நீருடையது. அடுத்த மழைக்குள் எழுப்பியாக வேண்டும். சித்திரை விடுமுறையில் தந்தையாருடன் நானும் இறங்கினேன்.

என் பங்குக்கு நான் கொண்டுவந்த கருவி ஒரு கண்ணாடிப் புட்டி. அதில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பிக் குலுக்கி வைத்தால் மணல் உடனே அடியில் படியும். வண்டல் அதன்மேல் அமரும். களி படிய மறுநாள் ஆகும். நுண்துகளின் விட்டம் பாதியானால் படியும் வேகம் நான்கில் ஒன்றாகும் என்பது ஸ்டோக்ஸ் விதி. களி மிகுந்தால் சுவர் காயும்போது வெடிக்கும், குறைந்தால் உதிரும். தந்தையாரோ ஈரமண்ணை உள்ளங்கையில் திரித்து, ஒடித்துப் பார்த்தார். மணல் சேர்க்க வேண்டும் என்பதே இருவர் முடிவும். எனக்கு ஒரு நாள் ஆயிற்று. அவருக்கு அரை நிமிடம்!

மண்வெட்டிதான் இத்தொழிலின் தலைமைக் கருவி. வெட்டுவதும் குழைப்பதும் மட்டுமல்ல, செதுக்குவதும் அதுவே. மண்ணை மிதித்து, வைக்கோல் சேர்த்து, ஓரிரவு ஊறவிட்டு, ஒன்றரை அடி உயரத்திற்கு ஒரு படை வைத்தோம். அது இறுகுமுன் அடுத்த படையை ஏற்றினால் கீழ்ப்படை பிதுங்கிவிடும். அரைக்காய்ச்சலில் பக்கங்களை மண்வெட்டியால் சீவ வேண்டும். இதற்குத் தேய்ந்த இலையே நல்லது என்பார் தந்தையார். புதியது ஆழமாகக் கடித்துவிடுமாம். தரைக்குத் திமிசுக் கட்டை.

கைவிசையால் மண்ணை அழுத்திக் கல்லாக்கும் இயந்திரமும் உண்டு. கொலம்பியாவில் 1950-களில் உருவான 'சின்வா-ராம்' அவ்வகையில் புகழ்பெற்றது. நீண்ட நெம்புகோல்தான் அதன் உயிர். நம் விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லிலும் இத்தகைய கற்களால் கட்டிய கட்டடங்கள் உள்ளன. மண்ணுடன் ஏறத்தாழ 5 விழுக்காடு சிமெண்டு சேர்க்கிறார்கள், சூளை தேவையில்லை. எங்கள் ஒற்றைச் சுவருக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு எதற்கு?

இனி, நான் செய்த பிழை. மேல்மட்டம் பார்க்க நீர்க்குழாயைப் பிடித்தேன். மேஸ்திரிகள் 'டியூப் லெவல்' என்பது இதைத்தான். இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பது பள்ளிப் பாடம். அதை நம்பி அடையாளமிட்டேன். தந்தையார் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "தெற்கு மூலை தூக்கியிருக்கே, தம்பி" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, இயற்பியல் பேசினேன். பிறகு குழாயைத் தடவிப் பார்த்தால், செங்குத்தாக நின்ற தெற்குப் பக்கத்தில், குழாயை அடைத்தபடி ஓர் அங்குல நீளக் காற்றுக் குமிழ்! காற்றுக்கு எடை மிகக் குறைவு. ஆகவே அழுத்தம் சமமாக, அப்பக்க நீர் குமிழின் நீளத்திற்கு, அதாவது ஓர் அங்குலம், உயர்ந்து நின்றிருக்கிறது. கிடையாகக் கிடக்கும் பகுதியில் குமிழ் இருந்தால் இப்பிழை வராது. குழாயைத் தட்டிக் குமிழை வெளியேற்றி மறுபடி அடையாளமிட்டேன்.

சுவர் ஆவணியில் முடிந்தது. இப்போது அயலூர் வேலைக்குப் போகும்போதும் தந்தையார் அந்தக் குழாயை எடுத்துச் செல்கிறார். புறப்படுமுன் என்னிடம் நீட்டி, "குமிழ் இருக்கா பாரு" என்கிறார்.