கிராம்பு முளைக்காது



தங்கையே, உன் நாவலின் கதைச்சுருக்கத்தைப் படித்தேன். 1760களின் அம்போன் தீவு (இன்றைய இந்தோனேசியாவில் உள்ளது), டச்சுக் கிடங்குக் கணக்கரின் மகள், உலர்ந்த கிராம்பைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டுபோய் மொரீஷியஸில் தோட்டம் போடும் பிரெஞ்சு இளைஞன். எல்லாம் சரி, ஆனால் கிராம்பு முளைக்காது. கடையில் கிடைப்பது விரியுமுன் பறித்து உலர்த்திய பூமொட்டு. அதில் விதை இல்லை. மொட்டைப் பறிக்காமல் விட்டு, பூத்துக் காய்த்துப் பழுத்தால்தான் விதை. அதுவும் காய்ந்துவிட்டால் வீண். ஆகவே உன் நாயகனுக்காகச் சில கிளைகளைப் பறிக்காமல் விட்டுவைக்கத் துணியும் ஒருவர் வேண்டும். அது அந்தக் கணக்கர் மகளாகவே இருக்கட்டும். இந்த வகை வரலாற்றுக் காதல் நாவலில் தாவரவியலை வர்ணனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதே, கதையை அதன் கையில் கொடு என்பதே என் வாதம்.

சாதிக்காய் இன்னும் தோதானது. அதில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. பூக்கும்வரை, ஆறேழு ஆண்டுகள், எது எதுவென்று தெரியாது. மொரீஷியஸை நிர்வகித்த பியேர் புவாவ்ர் அனுப்பிய கப்பல்கள் 1770இல் கிராம்பு, சாதிக்காய்க் கன்றுகளோடு திரும்பின. அந்தக் கரையிறக்கத்தோடு கதையை முடித்துவிடாதே. நட்டவை அனைத்தும் ஆண் மரங்களாகிவிட்டால் ஒரு காயும் தேறாது. பிரிந்த காதலரின் காத்திருப்புக்கு இதைவிட நல்ல கால அளவு கிடைக்குமா?

காதல் கதை தேடி வருபவர் பாடம் கேட்க வரவில்லையே என்பாய். பாடமாக எழுதினால் அலுக்கும்தான். ஆனால் அம்போனில் தாவரங்களைப் பதிவுசெய்த ரும்ஃபியஸைப் பார். 1670இல் பார்வை போயிற்று. 1674 நிலநடுக்கம் மனைவி சுசன்னாவையும் ஒரு மகளையும் பறித்தது. ஒரு வெள்ளை ஆர்க்கிட் மலருக்கு அவர் மனைவியின் பெயரைச் சூட்டினார். டச்சுக் கம்பெனியோ அவருடைய நூலை வெளியிட விடவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1741இல்தான் அது அச்சேறத் தொடங்கியது. இதில் தாவரவியல் எங்கே முடிகிறது, காதல் எங்கே தொடங்குகிறது?

இன்னொரு மறுப்பு கனமானது. கன்று திருடும் ஐரோப்பியனை நாயகனாக்கினால், மரத்தை வளர்த்தவர்கள் கதையிலிருந்து மறைந்துபோவார்கள். அதை ஏற்கிறேன். சாதிக்காய்க்காகவே 1621இல் டச்சுக் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்ஸோன் கூன் பண்டா தீவுகளின் மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் அடிமைப்படுத்தியும் பட்டினி போட்டும் அழித்தார். தோட்டங்களில் அடிமைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். விதை எப்போது பழுக்கும், எந்த நிழலில் கன்று பிழைக்கும் என்று அறிந்தவர்கள் உழைத்தவர்களே. திருடனுக்கும் அவர்கள் தயவு வேண்டும். அவர்களில் ஒருவரைத் துணைப்பாத்திரமாக ஒதுக்காமல், முடிவெடுக்கும் இடத்தில் வை. மரத்தை முதலில் வளர்த்தவர்களும் மறைந்துவிடவில்லை: பண்டாவிலிருந்து தப்பியவர்களின் வழிவந்தோர் கெய் தீவுகளில் இன்றும் பண்டா மொழி பேசுகிறார்கள்.