பாட்டி படத்துக்கு எவ்வளவு கிரெய்ன்? கறுப்பு வெள்ளைக்கு 12 குறிப்புகள்

வீட்டுப் பெரியவர்களைச் செல்போனில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, ஃபிரேம் போட்டு மாட்ட ஆசையா? ஆப்பில் ஒரு தட்டுத் தட்டினால் நிறம் போய்விடும். கூடவே முகத்தின் களையும் போய்விடுவதுதான் சிக்கல். அது போகாமலிருக்கச் சில குறிப்புகள்:

1. எடிட் செய்து சேர்க்க முடியாத ஒன்று, நல்ல வெளிச்சம். வெயில் நேராக விழாத ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் லேசான நிழலும் படும்படி உட்கார வையுங்கள். டியூப்லைட், ஃபிளாஷ் இரண்டும் வேண்டாம். நிறமில்லாத படத்தில் மூக்கும் கன்னமும் எடுப்பாகத் தெரிவது அந்த நிழலால்தான்.

2. கேமராவில் பியூட்டி மோட் இருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். அது தோலைப் பிளாஸ்டிக் போல வழவழப்பாக்கிவிடும். அதன்மேல் எவ்வளவு கிரெய்ன் (பழைய ஃபிலிம் படங்களில் தெரியும் சொரசொரப்பு) சேர்த்தாலும் பொம்மைக்கு மணல் தூவியது போலத்தான் இருக்கும்.

3. படத்தைக் கலரிலேயே எடுங்கள். கறுப்பு வெள்ளையாக்குவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எந்த நிறம் வெளுப்பாகவும் எந்த நிறம் கறுப்பாகவும் மாற வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அப்போதுதான் உங்கள் கையில் இருக்கும். மூலப் படத்தைத் தொடாமல், நகல் எடுத்து அதில் வேலை பார்க்கவும்.

4. ஸ்னாப்சீட் போன்ற ஆப்களில் கறுப்பு வெள்ளைக்கென்றே சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீல ஃபில்ட்டர்கள் உண்டு. எந்த நிற ஃபில்ட்டரோ, அந்த நிறம் வெளுக்கும். அதற்கு எதிர் நிறம் கறுக்கும். சிவப்பைத் தட்டினால் தோல் பளிச்சென்று ஆகும், ஆனால் நெற்றியிலிருக்கும் குங்குமம் காணாமல் போய்விடும்! பொட்டு எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் பச்சை ஃபில்ட்டரை முயன்று பாருங்கள். நீலம் தோலின் ஒவ்வொரு புள்ளியையும் வடுவையும் கூட்டிக் காட்டும், பார்த்துப் பயன்படுத்துங்கள்.

5. பச்சைப் பட்டுக்கு அரக்கு பார்டர் கலரில் எடுப்பாக இருக்கும். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகி, பார்டரே தெரியாமல் போகலாம். லைட்ரூம் ஆப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்லைடர் இருக்கிறது. பச்சையைக் கொஞ்சம் ஏற்றிச் சிவப்பைக் கொஞ்சம் இறக்கினால் பார்டர் திரும்பி வரும். சிவப்பை அதிகம் இறக்கினால் உதடும் கறுத்துவிடும், ஜாக்கிரதை.

6. மாநிறத்தையும் கறுப்பையும் வெளுக்க வைக்காதீர்கள். படம் முழுவதன் வெளிச்சத்தை ஏற்றினால் விபூதிப் பட்டையும் வெள்ளை வேட்டியும் விவரமில்லாமல் வெறும் வெள்ளையாகிவிடும். தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சு ஸ்லைடரில் இருக்கும். அதை மட்டும் துளி ஏற்றுங்கள். கறுத்த முகத்தில் நெற்றியிலும் கன்னமேட்டிலும் ஒளி மினுங்கினாலே போதும்.

7. முகச் சுருக்கத்தைக் கூட்டவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். 'ஸ்ட்ரக்சர்', 'கிளாரிட்டி' ஸ்லைடர்களைத் தாராளமாக ஏற்றினால் பத்து வயது கூடிவிடும். அந்தக் கால ஸ்டூடியோக்களில் நெகட்டிவ் மேலேயே கூர்மையான பென்சிலால் தொட்டுத் தொட்டுச் சுருக்கத்தை மங்கலாக்குவார்கள். அதற்கு 'டச்சிங்' என்று பெயர். இன்று அந்தப் பென்சிலின் இடத்தில் 'டாட்ஜ் அண்ட் பர்ன்' இருக்கிறது. கண்ணின் ஒளியைச் சற்றுக் கூட்டவும், படத்தின் ஓரத்தைச் சற்று இருட்டாக்கவும் பயன்படுத்தலாம்.

8. கிரெய்ன் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அளவு பிடிபடும். ஃபிலிமில் ஒளி பட்ட வெள்ளி உப்புப் படிகங்கள், கழுவும்போது கரிய வெள்ளித் துகள்களாக மாறும். அவை திட்டுத் திட்டாகச் சேர்ந்து தெரிவதே கிரெய்ன். குறைந்த வெளிச்சத்துக்கான வேக ஃபிலிமில் படிகங்கள் பெரியவை, கிரெய்னும் பெரியது. 1954-இல் 35 மி.மீ. சுருளாக வந்த கோடாக் டிரை-எக்ஸ் இந்தச் சொரசொரப்புக்குப் பேர் போனது. 50 வேகமுள்ள இல்ஃபோர்ட் பான் எஃப் நேர் எதிர். அதில் கிரெய்ன் மாவு போல நைசாக இருக்கும்.

9. கிரெய்னைக் கடைசியில் சேருங்கள். முதலில் கிராப், அடுத்து வெளிச்சம், பிறகு கறுப்பு வெள்ளை, அதன்பின் ஷார்ப்பன், எல்லாம் முடிந்தபின் கிரெய்ன். கிரெய்ன் சேர்த்தபின் ஷார்ப்பன் செய்தால் ரவை ஜல்லியாகிவிடும். இரவில் எடுத்த படத்தில் ஏற்கெனவே இருக்கும் புள்ளிகளை முதலில் பாருங்கள். நிறத்தை எடுத்ததும் அவையே கிரெய்ன் போலத் தோன்றலாம். அப்போது மேற்கொண்டு சேர்க்கத் தேவையில்லை.

10. லைட்ரூமில் கிரெய்னுக்கு அமவுண்ட், சைஸ், ரஃப்னஸ் என்று மூன்று ஸ்லைடர்கள். சைஸ் 25, ரஃப்னஸ் 50 என்றுதான் தொடக்கத்தில் இருக்கும். அப்படியே விட்டுவிட்டு, அமவுண்ட்டை மட்டும் 20 வரை ஏற்றிப் பாருங்கள். போன் திரையில் சரியாகத் தெரிவது பிரிண்ட்டில் மாறலாம். 8×10 அங்குலப் பிரிண்ட்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 2400×3000 பிக்சல் வேண்டும். முதலில் படத்தை அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு கிரெய்னை முடிவு செய்யுங்கள்.

11. படம் எங்கே போகிறது என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, கிரெய்ன் கட்டம் கட்டமாகக் குழம்பும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். செய்தித்தாளில் கண்ணீர் அஞ்சலிக்குக் கொடுக்கும் படத்தில் கிரெய்ன் வேண்டாம். அச்சே புள்ளிகளால் ஆனது. இரண்டு புள்ளியும் சேர்ந்தால் முகம் கலங்கிவிடும். வீட்டில் மாட்டுவதற்கு, பளபளக்காத மேட் காகிதம் கிரெய்னுக்குப் பொருத்தம்.

12. பெரிதாக அச்சிடும் முன் 4×6 அளவில் ஒன்று போட்டு வாங்கி, வீட்டில் இருப்பவர்களிடம் எதுவும் சொல்லாமல் நீட்டுங்கள். பார்த்ததும் “அட, நம்ம பாட்டி!” என்றால் அளவு சரி. “இது எந்த ஆப்?” என்று கேட்டால், கிரெய்னைப் பாதியாகக் குறைத்துவிட்டு மறுபடி ஒன்று போடுங்கள்.