புனைகதை கண்ட உலகமும் பொறி படைத்த உலகமும்

இருக்கும் உலகத்தோடு மட்டும் மனிதன் அமைந்துவிடுவதில்லை. இல்லாத உலகமொன்றைக் கற்பனையிற் படைத்து அதனுள்ளே சிறிது நேரமேனும் உலாவி மீளுதல் அவனது இயல்பு. கூத்தும் காவியமும் ஓவியமும் இவ்வியல்பினின்றும் பிறந்தவையே. எனினும், காவியத்திலே காட்டு வருணனையைப் படிப்பவன், தன் முதுகுப்புறத்தைத் திரும்பிப் பார்த்தால் அங்கும் மரங்கள் நிற்கவேண்டும் என்றோ, மரத்தைத் தொட்டால் அதன் பட்டை கையில் உராயவேண்டும் என்றோ எதிர்பார்ப்பதில்லை. அவ்வாறும் எதிர்பார்க்கலாம் என்று துணிந்து எழுதியோர் விஞ்ஞானப் புனைகதை ஆசிரியர்கள். அவர்கள் எழுத்திற் கண்டதை இன்று பொறியியலாளர் கருவியிற் காட்ட முயல்கின்றனர். அவ்வாறு படைக்கப்படுவதனை மெய்ந்நிகர் உலகம் என வழங்குகிறோம். பொறியானது புனைகதையை எத்துணை தூரம் எட்டிப் பிடித்துள்ளது, எங்கே பின்தங்கி நிற்கின்றது, எட்டிப் பிடித்தவிடத்து நாம் சிந்திக்க வேண்டியது யாது என்னும் மூன்றினையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு கதையும் மூன்று குறைகளும்

1935ஆம் ஆண்டில் ஸ்ரான்லி வெயின்போம் என்னும் அமெரிக்க எழுத்தாளர் "பிக்மேலியனின் மூக்குக்கண்ணாடி" என்றொரு சிறுகதையை வெளியிட்டார். அக்கதையில் வரும் பேராசிரியர் ஒருவர் முகத்தில் அணியும் கருவியொன்றைச் செய்துள்ளார். அதனை அணிந்தவன் படக்கதையொன்றைக் காண்கின்றான், அம்மட்டோ! அதன் ஒலியைக் கேட்கின்றான், மணத்தை முகர்கின்றான், சுவையை உணர்கின்றான், பொருள்களைத் தொடுகின்றான். கதை மாந்தரோடு அவன் பேசினால் அவர்களும் மறுமொழி பகர்கின்றனர். கதை அவனுக்கு எதிரே நிகழவில்லை. அவனைச் சூழ நிகழ்கின்றது. தொலைக்காட்சி இல்லங்களுட் புகாத காலத்தில் எழுந்த கற்பனை இது.

அப்பேராசிரியர் தமது கருவியை வாணிக நிறுவனமொன்றுக்கு விற்க முயன்று தோல்வியுறுகின்றார். காட்சி தெளிவாக இல்லை, ஒரு வேளையில் ஒருவரே பயன்படுத்தலாம், விலையும் மிகுதி என மூன்று குறைகள் கூறி நிறுவனத்தார் மறுத்துவிடுகின்றனர். நகைச்சுவைக்காக ஆசிரியர் இதனை எழுதியிருத்தல் கூடும். ஆயினும், பின்வந்த எண்பது ஆண்டுகளில் உண்மைப் பொறியியலாளர் போராடியது பெரும்பாலும் இம்மூன்று குறைகளோடேயாம். ஆதலின் அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

முதலாவது தெளிவு. இரு கண்களும் ஒரே பொருளைச் சிறிது வேறுபட்ட இரு நிலைகளிலிருந்து காண்கின்றன. அவ்வேறுபாட்டினின்றே மூளை ஆழத்தை உணர்கின்றது. சாள்ஸ் வீற்ஸ்ரன் என்னும் ஆங்கில அறிஞர் 1838இல் இவ்வுண்மையை விளக்கி, இரு கண்களுக்கும் இரு படங்களைத் தனித்தனி காட்டும் கருவியையும் அமைத்தார். இன்றைய முகக்கருவிகள் யாவும் அத்தத்துவத்தையே அடிப்படையாகக் கொண்டவை. ஆனால் வீற்ஸ்ரனின் படம் அசையாதது. பார்ப்பவன் தலையைத் திருப்பினால் அதுவும் மறைந்தொழியும். தலை திரும்புந்தோறும் காட்சியும் அதற்கேற்ப மாறவேண்டுமாயின், நொடிதோறும் புதுப்படம் வரையவல்ல கணனி வேண்டும். ஐவன் சதர்லாந்து என்பார் 1968இல் அமெரிக்காவில் இதனைச் செய்து காட்டினார். அவருடைய கருவி கூரையிலிருந்து தொங்கிய பொறிக்கை ஒன்றோடு இணைந்திருந்தது. "டமோக்கிளிசின் வாள்" என்னும் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அதனுள் தெரிந்தவை சில ஒளிக்கோடுகளால் ஆன உருவங்கள் மட்டுமே. ஆயினும் பார்ப்பவன் நடந்து சென்று அவற்றை மறுபுறத்தினின்றும் காண முடிந்தது. மெய்ந்நிகர் உலகத்தின் வித்து அதுவே எனலாம்.

நற்பார்வையுடைய கண் ஒரு பாகையளவான பார்வைக் கோணத்தில் ஏறத்தாழ 60 புள்ளிகளைப் பிரித்தறியும். 2016இல் விற்பனைக்கு வந்த ஒக்குலஸ் ரிப்ற் என்னும் முகக்கருவியில் அவ்வளவில் ஏறத்தாழ 12 புள்ளிகளே இருந்தன. ஆதலாற் காட்சி சல்லடையூடாகக் காண்பது போலத் தோன்றியது. 2024இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட கருவியின் இரு திரைகளிலும் சேர்த்து 2 கோடியே 30 இலட்சம் புள்ளிகள் உள்ளன. அதுவும் கண்ணின் எல்லையை முழுதும் எட்டவில்லை. எனினும் இங்கே பொறியாளர் ஒரு நுட்பத்தைக் கையாளுகின்றனர். நமது கண் மிகக் கூர்மையாகக் காண்பது நடுவில் ஏறக்குறைய 2 பாகை அளவான சிறு வட்டத்தை மட்டுமே. கண் எங்கே நோக்குகின்றது என்பதனைக் கருவி அறிந்து, அவ்விடத்தை மட்டும் நுணுக்கமாக வரைந்து, ஏனையவற்றைப் பருமட்டாக விட்டுவிடுகின்றது. கண்ணின் குறையையே துணையாகக் கொள்ளும் இவ்வுபாயம் வியத்தற்குரியது.

இரண்டாவது குறை தனிமை. இதனைத் தீர்த்தது முகக்கருவியன்று. கணனிகளை ஒன்றோடொன்று இணைத்த வலையமைப்பு. வில்லியம் கிப்சன் 1982இல் எழுதிய சிறுகதையொன்றில் "சைபர் ஸ்பேஸ்" என்னும் சொல்லைப் படைத்தார். நீல் ஸ்ரீவன்சன் 1992இல் எழுதிய "ஸ்னோ கிராஷ்" என்னும் நாவலில் இலட்சக்கணக்கானோர் ஒன்றுகூடும் மெய்ந்நிகர் நகரமொன்றை வருணித்து, அதற்கு "மெற்றாவேர்ஸ்" எனப் பெயரிட்டார். அந்நகரில் ஒருவன் பூணும் உருவத்திற்கு "அவதார்" என்பது பெயர். நமது சமய நூல்கள் வழங்கிய "அவதாரம்" என்னும் சொல்லே அது. கணனி விளையாட்டுக்களில் 1980களிலேயே புகுந்த அச்சொல்லை உலகறியச் செய்தது அந்நாவல். 2003இல் தொடங்கிய "செக்கன்ட் லைப்" என்னும் இணைய உலகத்தில் மக்கள் அவ்வாறு உருவம் பூண்டு நிலம் வாங்கினர், வீடு கட்டினர், வாணிகமும் செய்தனர். 2021இல் பேஸ்புக் நிறுவனம் தன் பெயரையே "மெற்றா" என மாற்றிக்கொண்டது. ஒரு நாவலாசிரியரின் சொல் பெருநிறுவனமொன்றின் பெயருக்கு மூலமாயிற்று.

மூன்றாவது குறை விலை. இதனைத் தீர்த்தது யாரும் எதிர்பாராத ஒரு பொருள், அது கைத்தொலைபேசி. சிறிய தெளிவான திரையும், சுழற்சியையும் ஆர்முடுகலையும் அளக்கும் நுண்கருவிகளும் கோடிக்கணக்கான கைத்தொலைபேசிகளுக்காகச் செய்யப்பட்டபோது அவற்றின் விலை வீழ்ந்தது. முன்னர் ஆராய்ச்சிக்கூடங்களில் மட்டும் இருந்த கருவியை அவ்வுறுப்புக்களைக் கொண்டு ஓர் இளைஞன் தன் வீட்டிலேயே அமைக்கலாயிற்று. பாமர் லக்கி என்னும் அமெரிக்க இளைஞர் அவ்வாறு தொடங்கிய ஒக்குலஸ் நிறுவனத்தை 2014இல் பேஸ்புக் ஏறத்தாழ 200 கோடி டொலருக்கு வாங்கியது. 2020இல் அந்நிறுவனத்தின் முகக்கருவி 299 டொலருக்கு விற்கப்பட்டது.

ஐம்பொறியின் ஏணி

இவ்வாறு மூன்று குறைகளும் பெரிதும் நீங்கின. அங்ஙனமாயின் வெயின்போமின் கண்ணாடி கைக்கு வந்துவிட்டதா? இல்லை. அவர் கதையிற் கண்ட ஐந்தினுள் காட்சியும் ஒலியும் வந்தன. ஏனைய மூன்றும் வரவில்லை. இதன் காரணத்தை ஆராயுமிடத்து, நம் பழந்தமிழ் நூலொன்றின் பாகுபாடு நினைவுக்கு வருகின்றது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் தொகைகொண்டு அடுக்குகின்றது. தொடுவுணர்வு மட்டும் உடையது ஓரறிவுயிர். அதனோடு சுவையும், மணமும், காட்சியும், ஒலியும் முறையே கூட ஐயறிவுயிர் ஆகின்றது. மனத்தையும் உடையது ஆறறிவுயிர். அவ்வேணியின் மேற்படிகளில் உள்ள செவியும் கண்ணுமே பொறிக்கு வசப்பட்டன. புல்லுக்கும் மரத்துக்கும் உரியதென அந்நூல் அடியில் வைத்த தொடுவுணர்வோ இன்றும் பொறியை மறுத்து நிற்கின்றது.

ஏன் இவ்வாறு? செவி இரண்டு, அவற்றை ஏமாற்ற இரு சிறு ஒலிபெருக்கிகள் போதும். கண் இரண்டு, இரு சிறு திரைகள் போதும். நிறங்களையும் செம்மை, பசுமை, நீலம் என்னும் மூன்றின் கலப்பினால் ஆக்கிவிடலாம். மணத்திற்கு அத்தகைய முதல் மூன்று இல்லை. மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை மண வாங்கிகள் உள்ளன. மோட்டன் ஹைலிக் என்பார் 1962இல் உரிமம் பெற்ற "சென்சொறாமா" என்னும் பெட்டியில், மோட்டார்ச் சைக்கிளில் நகர வீதி வழியே செல்லும் காட்சியோடு காற்றும், இருக்கையின் அதிர்வும், மணமும் வந்தன. ஆனால் அவை முன்னரே அமைத்து வைத்த சில மணங்களே. நினைத்த மணத்தை நினைத்தவுடன் ஆக்கும் பொறி அன்று. தொடுவுணர்வோ உடலெங்கும் பரந்தது. அன்றியும் மேசையொன்றிற் கையை ஊன்றினால் மேசை நம் கையை எதிர்த்துத் தாங்குகின்றது. காட்சி மட்டுமேயான மேசைக்கு அவ்வெதிர்விசை ஏது? விரலின் அசைவை அறியும் கையுறைகள் 1980களிலேயே வந்தன; அதிர்வினால் தொடுவது போன்ற குறிப்பைத் தரும் கருவிகளும் உள. ஆயினும் சாய்ந்தால் தாங்கும் சுவரொன்றை எக்கையுறையும் தரவில்லை. உட்கார்ந்தால் தாங்கத்தக்க நாற்காலியைக் கணனி ஓர் அறையினுள் தோற்றுவிக்கும் நிலையே இத்துறையின் முடிந்த முடிபென 1965இல் சதர்லாந்து எழுதினார். அந்நாற்காலி இன்னும் வரவில்லை.

உடல் மறுப்பதற்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு தலைசுற்றல். கண் "ஓடுகின்றோம்" என்கின்றது. உட்செவியிலுள்ள சமநிலையுறுப்போ "அசையாது இருக்கின்றோம்" என்கின்றது. இவ்விரு சாட்சிகளும் முரண்படவே உடல் குமட்டுகின்றது. தலையசைவுக்கும் காட்சி மாற்றத்துக்கும் இடையிலான தாமதம் மிகினும் இதே துன்பம் நேரும். அத்தாமதத்தைச் செக்கனில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் அடக்கவேண்டும் என்பது பொறியாளர் கண்ட அளவு.

பயன் கண்ட இடங்கள்

முழுமை எய்தாவிடினும் இக்கருவி பயனற்றதன்று. 2002இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வொன்றில், பயிற்சி பெறும் சத்திரசிகிச்சை வைத்தியர் 16 பேர் இரு பிரிவினராக்கப்பட்டனர். மெய்ந்நிகர் கருவியிற் பயின்ற பிரிவினர் பித்தப்பைச் சிகிச்சையின் குறித்த பகுதியை 29 சதவீதம் விரைவாகச் செய்தனர். பயிலாத பிரிவினர் பித்தப்பையைக் காயப்படுத்தும் வாய்ப்பு ஐந்து மடங்காயிருந்தது. தீக்காயமுற்றோர்க்குக் கட்டு மாற்றும்போது பனி நிறைந்த மெய்ந்நிகர் பள்ளத்தாக்கைக் காட்டி வலியுணர்வைக் குறைக்கும் முறையை உவாஷிங்ரன் பல்கலைக்கழக அறிஞர் வகுத்துள்ளனர். தவறினால் உயிர்க்கு ஊறு நேரும் செயலை ஊறின்றிப் பயிலவும், தாங்கவொண்ணா நோவினின்றும் மனத்தைச் சற்று விலக்கவும் இவ்வுலகம் உதவுகின்றது. இவ்விரண்டிலும் ஒரு பொதுமை உண்டு. உட்சென்றவன் குறித்த காரியம் முடிந்ததும் வெளியே வந்துவிடுகின்றான். வரும்போது கைத்திறனையோ ஆறுதலையோ கொண்டுவருகின்றான்.

ஆறாவது அறிவு

இனித் தொல்காப்பியர் உச்சியில் வைத்த ஆறாவது அறிவுக்கு வருவாம். புனைகதை ஆசிரியர் கருவியை மட்டும் கனவு காணவில்லை. அதனால் விளையும் கேட்டையும் கண்டனர். றே பிராட்பரி 1950இல் எழுதிய கதையொன்றில், செல்வப் பெற்றோர் தம் மக்களுக்கு எண்ணியதைச் சுவரிற் காட்டும் விளையாட்டறை அமைத்துக் கொடுக்கின்றனர். அறையே தாயும் தந்தையுமாகிவிடுகின்றது. அதனை மூட முற்பட்ட பெற்றோர் அவ்வறையின் சிங்கங்களுக்கு இரையாகின்றனர். அங்கே சிங்கத்தை வளர்த்தது பொறியன்று. பிள்ளைகளைப் பொறியிடம் ஒப்படைத்துவிட்ட இல்லமே.

இவ்வாராய்ச்சியில் நம் நாட்டோடு உண்மைத் தொடர்புடையார் ஒருவரும் உளர். 1956ஆம் ஆண்டு முதல் இலங்கையில் வாழ்ந்து, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கி, 2008இற் கொழும்பிற் காலமான ஆதர் சி. கிளார்க் அவர்களே அவர். அவர் இங்கு குடிவந்த 1956இலேயே "நகரமும் நட்சத்திரங்களும்" என்னும் அவரது நாவல் வெளியாயிற்று. அதில் வரும் தயாஸ்பர் என்னும் நகரத்து மக்கள் ஊழிக்காலமாக மதிலுக்குள்ளேயே வாழ்கின்றனர். தம் வீட்டிற் கிடந்தவாறே மனத்தால் ஒன்றுகூடி மாயக் கதைகளுட் புகுந்து விளையாடுவது அவர்தம் பொழுதுபோக்கு. அல்வின் என்னும் இளைஞன் ஒருமுறை அத்தகைய கதையினுள் நின்று, அம்மலையை விட்டு வெளியே சென்று பார்ப்போம் என்கின்றான். அக்கணமே அம்மாய உலகம் குலைந்துபோகின்றது. வெளியே போக விரும்பும் ஒருவன் உளனாவான் என அதனைப் படைத்தோர் எண்ணவேயில்லை. தோழர் அவனைச் சினக்கின்றனர். ஆயினும் அந்நகரை விழிப்பிப்பவன் அவனே.

இக்காலத்து மெய்ந்நிகர் உலகத்தை அளக்க இதனினும் சிறந்த அளவுகோல் இல்லை. அவ்வுலகத்திற்கு வாயில் உண்டா, அவ்வாயிலின் திறவுகோல் யார் கையில் உள்ளது என வினவவேண்டும். நமது கண் எதனை எத்துணை நேரம் நோக்கியது என்பதைக் கருவி அறிகின்றது என மேலே கண்டோம். படத்தைத் தெளிவாக்க உதவும் அதே அறிவு, நம் விருப்பு வெறுப்பை அளந்து விற்கவும் உதவும். கண்ணாடி அணிந்தவன் உலகத்தைப் பார்க்கின்றான். உலகத்தை உடையவன் கண்ணாடி அணிந்தவனைப் பார்க்கின்றான். மெற்றா நிறுவனத்தின் இத்துறைப் பிரிவு 2023ஆம் ஆண்டில் மட்டும் 1,600 கோடி டொலருக்கு மேல் நட்டமடைந்தது. அத்துணைப் பொருளைச் சொரிவோர் மக்கள் நெடும்பொழுது உள்ளேயிருப்பதையே விரும்புவர் என்பது சொல்லாமலே விளங்கும்.

மாணவர்காள்! நாளை இக்கருவிகளை அணியப்போகின்றவர்களும், உங்களுட் சிலர் அவற்றை ஆக்கப்போகின்றவர்களும் நீங்களே. பௌதிகமும் கணிதமும் கசடறக் கற்போர்க்கு இத்துறையில் தீராத வினாக்கள் காத்திருக்கின்றன; மெய் என்னும் பொறியை வெல்வார் இன்னும் தோன்றவில்லை. ஆக்கும்போது வாயிலோடு ஆக்குங்கள். அணியும்போது கழற்றும் நேரத்தைக் குறித்துக்கொண்டு அணியுங்கள். அவதாரம் என்னும் சொல்லுக்கு இறங்கி வருதல் என்பது பொருள். ஒரு காரியத்தின் பொருட்டு இறங்கி, அது முற்றியதும் மீளுதலே அவதாரத்தின் இலக்கணம் என நம் முன்னோர் உணர்த்தினர். அவ்விலக்கணத்தை மறவாது மெய்ந்நிகர் உலகத்துட் புகுவோர்க்கு அது கல்விக்கூடமாகும். மறப்போர்க்கு அதுவே சிறைக்கூடமாகும்.