சக்கரத்தில் கருகல் வாசம்: வேலை பழகும் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே,

“அண்ணே, சக்கரத்துப் பக்கம் ஏதோ கருகுற வாசம் வருது, என்னன்னு புரியல” என்று சொல்லிக்கொண்டு அடிக்கடி யாராவது காரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பார்த்தால் சின்னப் புகார். வண்டி ஓடுகிறது, சத்தம் இல்லை, விளக்கு எதுவும் எரியவில்லை. ஆனால் இதைவிடக் கவனம் கேட்கும் புகார் குறைவு. என்ஜின் கெட்டால் வண்டி நின்றுவிடும். பிரேக் கெட்டால் வண்டி நிற்காது. கருகிய பேடை மாற்றிக் கொடுத்து அனுப்புவது அரை வேலைதான். அதைக் கருக வைத்தது எது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலை. அதற்கான வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஸ்பேனரை எடுக்கும் முன் கேள்வி கேளுங்கள்.

வாசம் எப்போது வந்தது? மலையிறங்கும்போதா, நெரிசலிலா, நேரான சாலையிலா? சமீபத்தில் பிரேக் வேலை ஏதாவது நடந்ததா? வண்டி மாதக்கணக்கில் நின்றிருந்ததா? மழைத் தண்ணீரில் நின்றதா? ஆட்களும் சாமான்களும் அதிகமா? ஓடும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா? மைலேஜ் குறைந்ததா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தாலே பாதி தூரம் வந்துவிட்டீர்கள். நேற்று பேடு மாற்றிய வண்டியும், ஆறு மாதம் கடற்கரையோரம் நின்ற வண்டியும் ஒரே வாசத்தோடு வரலாம். இரண்டுக்கும் காரணம் வேறு.

2. மூக்கைப் பழக்குங்கள்.

பிரேக் பேடும் லைனிங்கும் பிசின் சேர்த்து இறுக்கிச் செய்தவை. அளவு மீறிச் சூடேறினால் அந்தப் பிசின் கருகி மூக்கைக் குத்தும் காரமான நெடி வரும். டயர் எங்காவது உரசினால் வருவது ரப்பர் வாசம். சூடான உலோகத்தில் கிரீஸ் பட்டால் எண்ணெய்ப் புகை. உருகும் பிளாஸ்டிக் என்றால் சக்கர வளைவின் உள்பக்கத் தகடோ, சைலன்சரில் ஒட்டிக்கொண்ட பாலிதீன் பையோ, மின் ஒயரோ. இனிப்பு கலந்த ஆவி வாசம் என்றால் கூலண்ட். பெட்ரோல் வாசம் என்றால் ஆராய்ச்சி வேண்டாம். என்ஜினை நிறுத்திவிட்டு ஆட்களை விலகச் சொல்லுங்கள்.

3. கிளட்ச் வாசத்தைப் பிரேக் வாசம் என்று நினைக்காதீர்கள்.

இரண்டும் உராய்வுப் பொருள் கருகுவதால் வருபவை. நெடியும் ஏறக்குறைய ஒன்றுதான். மேம்பாலத்து ஏற்றத்தில் நெரிசல் நேரத்தில் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைப் பிடித்து வைத்திருப்பவர்கள் கிளட்ச் பிளேட்டைக் கருக்கிவிட்டு, முன்சக்கரத்தில் வாசம் என்பார்கள். நாற்றம் என்ஜின் அடியிலிருந்து சக்கர வளைவு வழியாக வெளியேறுவதால் அப்படித் தோன்றும். சக்கரங்கள் எல்லாம் இயல்பான சூட்டில் இருந்து, ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது என்ஜின் சுற்று ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச்சைப் பாருங்கள்.

4. சூடான சக்கரத்துக்குச் செய்யக் கூடாதவற்றை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்.

தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிக்கும் இரும்பு டிஸ்க் சட்டென்று குளிர்ந்தால் கோணும், விரிசலும் விடும். ரிம்மில் கை வைக்காதீர்கள். புறங்கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாலே சூடு தெரியும். சமதரையாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் வண்டியைக் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். புகையோடு தீயும் தெரிந்தால் ஆட்களை இறக்கித் தூரமாக அழைத்துச் சென்று 101-ஐ அழையுங்கள். வண்டியைவிட ஆள் முக்கியம்.

5. வலதையும் இடதையும் ஒப்பிடுங்கள்.

இந்த வேலையில் இதைவிடப் பயனுள்ள சோதனை இல்லை. ஆளில்லாத நேரான சாலையில் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிரேக்கை முடிந்தவரை தொடாமல், வேகம் தானாகக் குறைந்து வண்டி நிற்கும்படி செய்யுங்கள். இறங்கியவுடன் நான்கு சக்கரங்களையும் சுற்றி வாருங்கள். பிரேக்கையே மிதிக்காதபோது எந்தச் சக்கரமும் கொதிக்கக் காரணமில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் குற்றவாளி அதுதான்.

லேசர் புள்ளி காட்டும் வெப்பமானி இருந்தால் நல்லது. ஆனால் பளபளக்கும் உலோகத்தில் அது சூட்டைக் குறைத்துக் காட்டும். ஆகவே எல்லாச் சக்கரத்திலும் ஒரே இடத்தைக் குறிவையுங்கள். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சூடாக இருப்பது இயல்பு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் அங்கேதான் அதிக வேலை நடக்கிறது. முன் வலதை முன் இடதோடும், பின் வலதைப் பின் இடதோடும் ஒப்பிடுவதே முறை. கண்ணுக்கும் வேலை கொடுங்கள்: ஒரு ரிம்மில் மட்டும் கறுப்புத் தூசி கூடுதலாகப் படிந்திருக்கிறதா, டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

6. எத்தனை சக்கரம் என்பதிலிருந்து காரணத்தை நெருங்குங்கள்.

ஒரே ஒரு சக்கரம் சூடேறினால் குறை அந்தச் சக்கரத்திலேயே இருக்கிறது: காலிப்பர், ஸ்லைடு பின், ஹோஸ் அல்லது பேரிங். பின்சக்கரம் இரண்டும் என்றால் ஹேண்ட் பிரேக் கேபிளைச் சந்தேகியுங்கள். நான்கும் என்றால், அல்லது முன் இடதும் பின் வலதும் போலக் குறுக்காக இரண்டு என்றால், மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போங்கள். முன்சக்கர இழுவை கொண்ட பல கார்களில் பிரேக் குழாய்கள் அப்படிக் குறுக்காகப் பிரிந்திருக்கும்.

நான்கும் பிடிக்கும் வண்டியில், பெடல் முழுமையாக மேலே திரும்புகிறதா என்று பாருங்கள். பெடலில் கொஞ்சமும் ஃப்ரீ ப்ளே இல்லாமல் போனால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் திரும்பிப் போகும் சிறு துளை மூடியே இருக்கும். சூட்டில் விரியும் ஆயில் போக வழியில்லாமல் பிரேக்கை மேலும் இறுக்கும். ஓட ஓட வண்டி கனக்கும். ஆறினால் தானே விட்டுவிடும். பெடல் சுவிட்சைத் தவறாக வைத்தாலும், பூஸ்டர் கம்பியின் நீளம் கூடினாலும் இது நடக்கும்.

7. பிளீடரைத் திறந்து உண்மையைக் கேளுங்கள்.

குறையுள்ள சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, கையால் சுற்றிப் பாருங்கள். டிஸ்க்கில் பேடு லேசாக உரசுவது இயல்பு. மறுபக்கச் சக்கரத்தைவிட இறுக்கமாகச் சுற்றினாலோ, சுற்றவே முடியாவிட்டாலோ குறை. வண்டி ஆறியிருந்தால் குறை ஒளிந்துகொள்ளும். பெடலைச் சில முறை அழுத்தி விட்டுச் சுற்றுங்கள்.

சக்கரம் பிடித்திருக்கும்போதே, காற்று எடுக்கும் திருகான பிளீடரில் குழாய் மாட்டிப் பாட்டிலில் விட்டு, கண்ணாடி அணிந்துகொண்டு, மெல்லத் திறவுங்கள். ஆயில் பீய்ச்சியடித்துச் சக்கரம் விடுபட்டால் உள்ளே அழுத்தம் சிறைப்பட்டிருந்தது என்று பொருள். ஆயில் சொட்டியும் சக்கரம் விடவில்லை என்றால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ துருவில் இறுகிவிட்டது.

அழுத்தம்தான் என்றால் இன்னொரு படி போங்கள். பிளீடரை மூடி, பெடலை அழுத்தி விட்டு மீண்டும் பிடிக்க வையுங்கள். இந்த முறை ரப்பர் ஹோஸுக்கு மேலே, இரும்புக் குழாய் சேரும் நட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் குறை மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடவில்லை என்றால் குறை ஹோஸுக்குள். வெளியே புதிது போலத் தெரியும் ஹோஸின் உள்தோல் பிய்ந்து ஒருவழிக் கதவு போல நின்றுவிடும்: அழுத்தினால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. இதைத் தெரியாமல் காலிப்பரை மாற்றிவிட்டு, அடுத்த வாரமே அதே வாசத்தோடு வரும் வண்டிகள் ஏராளம். சோதனை முடிந்ததும் காற்று எடுக்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

8. தேய்ந்த பேடைத் தூக்கி எறியும் முன் அதைப் படியுங்கள்.

உள் பேடும் வெளிப் பேடும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலோ, ஒரு முனை மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தாலோ, காலிப்பர் தன் பின்களில் நகரவில்லை அல்லது பிஸ்டன் திரும்பவில்லை. பிஸ்டனின் தூசி ரப்பர் கிழிந்திருந்தால் தண்ணீர் புகுந்து துருவேறியிருக்கும். பின்களைச் சுத்தம் செய்து பிரேக்குக்கென்று உள்ள கிரீஸை மட்டும் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துப் பின்னை மறுபடி இறுக்கும். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டுங்கள். பேடு மாற்றினால் இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். புதுப் பேடு முதலில் லேசாக வாசம் தருவது இயல்பு. அது இரு பக்கமும் ஒரே அளவில் இருந்து, ஓட ஓட மறைய வேண்டும்.

9. டிரம்மையும் ஹேண்ட் பிரேக்கையும் மறக்காதீர்கள்.

ஈரத்தில் நாள்கணக்கில் நின்ற வண்டியில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கேபிள் அதன் உறைக்குள்ளேயே துருப்பிடித்து நிற்கும். அட்ஜஸ்டரில் கேபிளைத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் கேபிள். விடவில்லை என்றால் டிரம்முக்குள் ஸ்பிரிங், வீல் சிலிண்டர், அல்லது யாரோ அதிகமாக இறுக்கிய அட்ஜஸ்ட்மெண்ட். நீண்ட நாள் நிறுத்துபவர்களிடம், ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் கியரும் கல்லும் போதும் என்று சொல்லி அனுப்புங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அது நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரப்படுத்தித் துடையுங்கள்.

10. பிரேக் குற்றமற்றது என்றால் சுற்றிலும் பாருங்கள்.

சூடு டிஸ்க்கில் இல்லாமல் சக்கரத்தின் நடுவில் இருந்து, ஓடும்போது உறுமல் கேட்டு, திருப்பத்தில் அந்த உறுமல் கூடிக் குறைந்தால் பேரிங். தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். ஆக்ஸில் ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ் தெறித்துச் சூடான பாகத்தில் புகையும். பாரம் ஏற்றிய வண்டியிலும், அளவு மாற்றிய டயரிலும் சக்கர வளைவுக்குள் உரசிய தடம் பளபளப்பாகத் தெரியும். குனிந்து, விளக்கடித்துப் பாருங்கள்.

11. மலையிறங்கும் வண்டியின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்தக் குறையும் இல்லாத வண்டியிலும் கருகல் வாசம் வரும் இடம் மலைப்பாதை. 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக்குகள் சுமார் 3 லட்சம் ஜூல் வெப்பத்தை வாங்குகின்றன. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அதே கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் அதைப்போல் 40 மடங்கு. அவ்வளவையும் பிரேக் மட்டுமே சுமந்தால் கருகத்தான் செய்யும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வால்பாறைப் பாதையின் 40 வளைவுகளிலும் இறங்கி வருபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும், ஆட்டோமேட்டிக் என்றால் தாழ்ந்த கியரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நியூட்ரல் கூடவே கூடாது. என்ஜினை அணைத்தால் ஓரிரு அழுத்தத்தில் பூஸ்டரின் உதவி தீர்ந்துவிடும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்காமல், தேவையான இடத்தில் அழுத்தி, பிறகு முழுதாக விட வேண்டும்.

பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கத் தயங்கினால் பேடு சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்தால் ஆயில் கொதித்துவிட்டது. இரண்டுமே உடனே ஒதுங்கி ஆறவிட வேண்டிய நிலை.

12. பிரேக் ஆயிலை மதியுங்கள்.

அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155-க்கு இறங்கலாம். டாட் 3-க்கு இந்த அளவுகள் 205, 140. ஆகவே பார்வைக்கு நன்றாக இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். திறந்து வைத்த டப்பாவிலிருந்து ஊற்றாதீர்கள். என்ஜின் ஆயிலோ வேறு எண்ணெயோ ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிப்போகும்.

பிள்ளைகளே, பல நேரம் வண்டி உங்களிடம் வரும்போது வாசம் போயிருக்கும். உரிமையாளர் அவசரப்படுவார், “இப்பத்தான் வாசம் வரலையே, குடுத்துருங்க” என்பார். வாசம் நின்றது சக்கரம் ஆறியதால்தான்; குறை தீர்ந்ததால் அல்ல. மறுபடி ஓட்டுங்கள், மறுபடி ஒப்பிடுங்கள். காரணம் கையில் கிடைத்து, சரிசெய்து, ஓட்டிப் பார்த்து, நான்கு சக்கரமும் ஒழுங்கான சூட்டில் இருப்பதை உறுதி செய்யும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். அந்த வண்டியில் ஏறப்போவது ஒரு குடும்பம்.