வீட்டில் கற்கும் பிள்ளைகளும் கைப்பேசி ஒழுக்கமும்

கொரோனா நோயின் காரணமாக 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டதை நாம் மறந்திருக்க இயலாது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களின் விடுதிப் பள்ளிகளில் தங்கிப் பயின்ற பிள்ளைகள் பெட்டி படுக்கையுடன் ஊர் திரும்பினர். தமிழகத்தில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்ட நாள் 2021 நவம்பர் 1 ஆகும். ஏறத்தாழ 19 மாதங்கள் வீடே பள்ளியாயிற்று. அக்காலத்தில் பிள்ளைகளின் கைக்கு வந்த கைப்பேசி, பள்ளி திறந்த பின்னும் பல இல்லங்களில் கையைவிட்டு நீங்கவில்லை. வீட்டுப்பாடமும் தேர்வுப் பயிற்சியும் இன்று அதன் வழியே வருகின்றன. ஆகவே அதனைக் கையாளும் ஒழுக்கத்தைச் சிந்திப்பது நம் கடமையாகிறது.

அந்நாளில் பாடம் இரு வழிகளில் வந்தது. ஒன்று, 2019 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி, மற்றொன்று கைப்பேசி. தொலைக்காட்சியில் ஒவ்வொரு வகுப்புக்கும் குறித்த நேரம் இருந்தது. தன் பாடம் முடிந்ததும் வேறு வகுப்பின் பாடம் தொடங்கும், பிள்ளை எழுந்துவிடும். கைப்பேசியிலோ பாடம் முடிந்தாலும் திரை முடிவதில்லை. கணக்கைக் கற்பித்த அதே யூடியூப், அடுத்த நொடியில் வேறொரு காட்சியைத் தானே ஓட்டுகிறது. தொலைக்காட்சியில் எல்லையை வகுத்தவர் நிகழ்ச்சியை அமைத்தவர். கைப்பேசியில் அதனை மாணவரே வகுத்துக்கொள்ள வேண்டும். நாம் கூற வரும் கருத்தின் சாரம் இதுவே.

அவ்வெல்லையை வகுக்கும் வழிகள் எளியவை.

1. கைப்பேசியைத் திறக்குமுன், எதற்காகத் திறக்கிறோம் என்பதை ஒரு தாளில் ஒரு வரியாக எழுதுக. அவ்வேலை முடிந்ததும் மூடுக.

2. கால அளவைக் காக்க. மத்திய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட ‘பிரக்யாதா’ வழிகாட்டி, நேரடி இணைய வகுப்புகள் ஒரு நாளில் 8ஆம் வகுப்பு வரை இரண்டு அமர்வுகளுக்கும், 9 முதல் 12 வரை நான்கு அமர்வுகளுக்கும் மிகலாகாது என்றது. ஓர் அமர்வு 30 முதல் 45 நிமிடம். நம் முன்னோர் முகூர்த்தம் எனக் கணித்த இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், இதனை ஒட்டியே அமைகிறது.

3. திரையை உற்று நோக்கும்போது கண் இமைப்பது குறைகிறது, கண் உலர்கிறது. 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடி தொலைவிலுள்ள பொருளை 20 நொடி நோக்குக.

4. பார்த்த பாடத்தைக் கைப்பேசியை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதுக. எழுத வராதது இன்னும் கற்கப்படாதது.

5. அடுத்த காட்சி தானே ஓடும் அமைப்பையும், அறிவிப்பு ஒலிகளையும் நிறுத்துக. இரவில் கைப்பேசி படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். நம் பகுதியில் ஒரே கைப்பேசியை நம்பிய இல்லங்கள் பல. தந்தை லாரியில் புறப்பட்டால் கைப்பேசியும் உடன் செல்லும்; தறி வீடுகளில் வேலை ஓய்ந்த பின்னரே அது பிள்ளைக்குக் கிடைக்கும். எப்போதாவது கிடைப்பதால், கிடைத்த இரவு முழுதும் பிள்ளை அதனை விடுவதில்லை. இதனைச் சினந்து பறிப்பதால் பயனில்லை. இந்நேரம் உனக்குரியது என முன்பே குறித்துக் கொடுப்பதே தக்கது. உண்ணும்போதும் திரையை நோக்கும் நாம், பிள்ளையைக் கண்டிக்கும் தகுதியை இழக்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனவே, இன்றிரவு உணவு வேளையில் நம் கைப்பேசியை முதலில் நாமே அப்பால் வைப்போமாக. பிள்ளைகள் அதனைக் கண்டு கற்பர்.