மலையும் மனைத்தோட்டமும்

பண்டைத் தமிழர் ஓராண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பருவங்களாகப் பகுத்தனர். ஒவ்வொரு பருவத்திற்கும் இரண்டு திங்கள் உரியன. பருவங்கள் மாறிவரும் முறையை மனைத்தோட்டத்திலே கண்டறிதல் எளிது. தாமிரபரணி பாயும் நெல்லை நாட்டிலோ, அத்தோட்டம் மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றது.

அங்கே தோட்ட வேலை தொடங்குவது முதுவேனிலாகிய ஆனி, ஆடித் திங்கள்களில் ஆகும். அக்காலத்தில் தென்மேற்குப் பருவமழை பொதியமலையில் பொழிகின்றது. மேகங்கள் தம் நீரின் பெரும்பகுதியை மலையிலேயே சொரிந்துவிடுதலால், திருநெல்வேலிச் சமவெளியை வந்தடைவது பெரும்பாலும் வலிய காற்றே. எனினும், ஆற்றில் புதுவெள்ளம் வருகின்றது. எட்டு அணைக்கட்டுகளின் வழியாகக் கால்வாய்களில் நீர் பாய்கின்றது. வயல்களில் கார் நெல் நடப்படுகின்றது. கால்வாய்களை அடுத்த கிணறுகள் ஊறுகின்றன. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழிக்கு இணங்க அவரை, பாகல், புடல், பீர்க்கு முதலியவற்றின் விதைகள் தோட்டத்தில் ஊன்றப்படுகின்றன. காற்றில் சாயாதபடி வாழைக்கு முட்டுக் கொடுத்தலும், பந்தற்கால்களை ஆழ நடுதலும் அப்பருவத்து வேலைகளாம்.

ஆவணியிலும் புரட்டாசியிலும் கொடிகள் பந்தலேறுகின்றன. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகின்றது. இப்பொழுது சமவெளியும் மழை பெறுகின்றது. நீர் இறைத்தவர்கள் இனி நீரை வடிக்க வேண்டும். வேரடியில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்றுக் கிடைக்காது; வேர் அழுகிவிடும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில், ஆற்றின் முகத்துவாரத்திற்கு அண்மையிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆற்றங்கரை ஊர்களில் வெள்ளம் புகுந்தது. நெல் வயல்களும் வாழைத் தோட்டங்களும் மூழ்கின. உயிர் தரும் நீரும் அளவு கடந்தால் கேடாகும் என்பதை அந்நாள்கள் காட்டின.

மார்கழியும் தையும் முன்பனிக்காலம். இதுவே நாட்டு அவரை பூத்துக் காய்க்கும் பருவம். வெயிலும் நீரும் எவ்வளவு கிடைப்பினும், பகற்பொழுது குறுகினாலன்றி அவ்வவரை பூப்பதில்லை. அதுவரை இலையும் கொடியுமாகவே தழைத்திருக்கும். இதனை அறியாதார், ‘பூவாத கொடி’ என்று வெட்டி எறிவர். அறிந்தார் பொறுத்திருந்து கூடை நிறையக் காய் பறிப்பர்.

பின்பனிக் காலமாகிய மாசி, பங்குனியில் மரங்கள் பழுத்த இலைகளை உதிர்க்கின்றன. சித்திரையில் வேம்பு பூத்துப் புத்தாண்டை வரவேற்கின்றது. மாங்கனியும் பழுக்கின்றது. வெயில் முதிர முதிர, ஒவ்வொரு குடம் நீரும் அரிதாகின்றது. குளித்த நீர் வாழைக்கும், பாத்திரம் கழுவிய நீர் கறிவேப்பிலைக்கும் செல்கின்றன. உதிர்ந்த சருகுகளைக் கூட்டி எரித்துவிடாமல், செடிகளின் அடியில் பரப்புவர் அறிவுடையோர். சருகு வெயிலை மறைத்து மண்ணின் ஈரத்தைக் காக்கின்றது. பின்னர்த் தானும் மக்கி உரமாகின்றது.

தோட்டத்தில் ஒரு கூடைச் சருகு செய்யும் இவ்வேலையையே, பொதியமலையில் காடு பெரிய அளவில் செய்கின்றது. மழைத்துளி இலைகளில் தங்கி, சருகில் இறங்கி, வேர்கள் பிணித்த மண்ணில் ஊறுகின்றது. அவ்வூற்று நீர் சிறிது சிறிதாகக் கசிந்து ஓடைகளாகின்றது. ஓடைகள் கூடியதே தாமிரபரணி. மலையில் தோன்றும் அவ்வாறு ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலிற் கலக்கின்றது. காடு அழிந்தால் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு ஒரே விரைவில் இறங்கிவிடும். பின்னர் ஆறு வறளும். ஆடியில் ஊன்றிய விதை முளைக்க நீரின்றி வாடும்.

1988ஆம் ஆண்டில் களக்காடு முண்டந்துறைக் காடுகள் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. காட்டிற் புலி வாழ்தற்கென ஒதுக்கிய இடமே, நாட்டிற் புடலங்கொடி வாழ்தற்கும் துணையாயிற்று. ஆதலின், தம் வீட்டில் ஒரு கொடியை வளர்ப்போர், கண்ணுக்கெட்டாத மலைமேல் நிற்கும் மரத்தையும் தம்முடையதாகவே கருதிப் போற்றுதல் வேண்டும்.